பார்வோனுக்குப் பேர் உண்டு, மருத்துவச்சிக்கு இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் ஹட்டன் வரை வந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

வேதாகமக் கதையைப் படமாக்கும்போது மாற்றுவது வளமா, வஞ்சனையா என்பது தலைப்பு. பேச எடுத்துக்கொண்ட படம் 1998இல் வந்த 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'; எகிப்தில் அடிமைப்பட்டிருந்த எபிரெயர்களை மீட்ட மோசேயின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் படம். நான் வஞ்சனை என்ற பக்கம். அதற்காகப் படம் மோசம் என்று சொல்லமாட்டேன். மோசேயின் கனவில் சுவர் ஓவியங்கள் உயிர்பெற்று, ஆற்றில் எறியப்பட்ட பிள்ளைகளைக் காட்டும் இடத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

என் குறை வேறு. வேதத்தில் யாத்திராகமம் என்ற புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், எபிரெய ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொல்லி எகிப்து ராஜாவான பார்வோன் கட்டளையிடுவது இரண்டு மருத்துவச்சிகளிடம். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், 'எபிரெயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போவதற்கு முன்னமே பெற்றுவிடுகிறார்கள்' என்று ராஜாவின் முகத்துக்கு நேரே ஒரு போடு போட்டார்கள். அந்த இருவரின் பேரையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது: சிப்பிராள், பூவாள். ராஜாவின் பேரை எழுதவில்லை. அவன் வெறும் பார்வோன். படத்தில்? கட்டளையிட்ட ராஜாவுக்கு சேத்தி என்றும், அவனுக்குப் பின் ராஜாவாகும் மகனுக்கு ராமேசஸ் என்றும் பேர் வந்துவிட்டது; அரண்மனையில் கூட வளர்ந்த மோசேமேல் ராமேசஸுக்கு அண்ணன் பாசமும் வந்துவிட்டது. மருத்துவச்சிகளைக் காணவே காணோம்.

பேர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்த கொழுந்து கிலோ போதாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுகிற தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள். நம் கண்ணுக்கு முதலில் படுவது எந்தப் பேர் விடுபட்டது என்பதுதான்.

அப்புறம் ஐந்தாம் அதிகாரம். வைக்கோல் தரமாட்டோம், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு குறையக் கூடாது. குறைந்ததும் அடி வாங்கியது யார்? எபிரெயர்களிலிருந்தே எடுத்து, அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட ஆட்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் நம் கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ராஜாவிடம் போய் முறையிட, 'சோம்பேறிகள்' என்று ஏச்சு வாங்கித் திரும்புகிறார்கள். திரும்பியவர்கள் மோசேயையும் அவன் அண்ணன் ஆரோனையும் பிடித்துக்கொள்கிறார்கள்: உங்களால்தான் எங்களுக்கு இந்தக் கதி! மேலே தோட்டத் துரை, நடுவில் கங்காணி, கீழே சனம், தலைவரை நம்பிக் கெட்டோம் என்ற கசப்பு. இதைவிட நம் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் வேறென்ன கதை வர முடியும்? படத்தில் இது ஓரிரு வசனம், மோசேமேல் வந்து விழும் சேறு, அவ்வளவுதான். நேரமெல்லாம் அரண்மனைக்குப் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் தேர்ப் பந்தயம் விடுகிறார்கள்!

எதிரணிச் சகோதரி ஒரு நல்ல கேள்வி கேட்டார். 'கலைக்காக மாற்றியிருக்கிறோம், மூலக்கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்று படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறதே, அப்புறம் எப்படி வஞ்சனை?' என்றார். தங்கச்சி, கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் கழிக்கிறார்கள். சொல்லிவிட்டால் கழித்தது இல்லையென்று ஆகிவிடுமா?

மோசேயின் அக்கா மிரியாமுக்குப் படம் கூடுதல் இடம் கொடுத்தது என்றும் சொன்னார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எபிரெயனை அடித்த எகிப்தியன் செத்த இடத்தைப் பாருங்கள். வேதத்தில் மோசே அங்கும் இங்கும் பார்க்கிறான், ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடித்துக் கொல்கிறான், மணலில் புதைக்கிறான். படத்திலோ தள்ளுமுள்ளில் அந்த ஆள் சாரத்திலிருந்து விழுந்து சாகிறான். நாயகன் கையில் ரத்தம் படக் கூடாதாம்! வேதத்துக்கே இல்லாத கூச்சம் இவர்களுக்கு எதற்கு?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஐயா, தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் முதல் அதிகாரம் 15ஆம் வசனத்தைப் புரட்டி, அந்த இரண்டு பேரையும் இந்த மைக்கில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.