பனி மூடிய பனலும் பூட்டுப் போடாத ஆராய்ச்சியும்

நேயர்களுக்கு வணக்கம். சூரிய மின்சாரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு நெடுநாளாகப் பிடித்த ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததை, செய்யும் விதம், வரைபடம், மென்பொருள், அளந்த கணக்கு எல்லாவற்றோடும் சேர்த்து ஊருக்கே கொடுத்துவிடுகிற ஆராய்ச்சி அது. யாரும் எடுத்துச் செய்யலாம், மாற்றலாம், செய்து விற்கவும் செய்யலாம். ஓப்பன் சோர்ஸ் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

கூரையில் சோலார் பனல் போடப் போகிறேன் என்று வீட்டில் வாயெடுத்தால் போதும், உடனே வரும் கேள்வி: "ஸ்நோ விழுந்தால் என்ன செய்வீர்கள்?" ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இதே கேள்விதான், பக்கத்து மார்க்கம் நகரிலும் இதே கேள்விதான். ஜனவரிக் காலையில் டிரைவ்வேயை வழித்துவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்?

பதிலை இங்கே கனடாவில், நம் ஒன்ராறியோ மாகாணத்திலேயே தேடிப் பிடித்தார்கள். கிங்ஸ்ரனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சென். லோறன்ஸ் கல்லூரியாரும் சேர்ந்து திறந்த வெளியில் ஒரு சோதனைக் களம் அமைத்தார்கள். அப்போது குயின்ஸில் இருந்த ஜோஷுவா பியர்ஸ் என்ற பேராசிரியரின் குழு அதில் முன்நின்றது. பனல்களைப் பல சரிவுகளில் வைத்தார்கள். ஒன்று கிட்டத்தட்டப் படுத்திருக்கும், இன்னொன்று நன்றாக நிமிர்ந்து நிற்கும். எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளந்தார்கள். அந்த வெளிச்சத்துக்கு வரவேண்டிய மின்சாரத்தில் காணாமல் போனது எவ்வளவோ, அது பனி தின்றது. பனிப்பொழிவு பற்றிய முடிவுகள் 2013இல் வெளிவந்தன.

கொஞ்சம் நின்று இதைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பனல் நன்றாகச் சரிந்திருந்தால் பனி தானே வழுக்கிப் போகிறது. கண்ணாடியின் ஒரு மூலை வெளித்தால் போதும், கரிய பனல் வெயிலை வாங்கிச் சூடாகும், அடியில் மெல்லிய ஈரம் படரும், மேலே கிடப்பது அப்படியே சறுக்கும். ஆனால் சறுக்கி வருவதற்குக் கீழே இடம் வேண்டும். கீழ் விளிம்பில் பனி குவிந்து நின்றால், பனலின் மேற்பகுதி முழுவதும் பளபளவென்று வெளித்திருந்தும் மின்சாரம் மளமளவென்று விழுந்துவிடும். உள்ளே இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை, கீழ் வரிசை இருட்டில் கிடந்தால் மற்றவையும் அடங்கிப் போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிலத்தில் கிடக்கும் வெண்பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பனலுக்கு அது மேலதிக வருமானம். குளிரும் பனலுக்கு நல்லது. வழக்கமான சிலிக்கன் பனல், அதன் வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் சக்தியை இழக்கிறது, குளிரில் அது கூடுகிறது. யாழ்ப்பாணத்தில் வெயில் உச்சியில் நிற்பதால் பனலைக் கிட்டத்தட்டப் படுக்கவே போடலாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், இங்கே சரிவுதான் முக்கியம். பனல் போட வருபவரிடம் கேளுங்கள்: என்ன சரிவு, பனி கீழே விழ இடம் உண்டா, காட்டுகிற கணக்கில் பனி இழப்பைக் கழித்திருக்கிறீர்களா?

நீங்கள் இப்படிக் கேட்க முடிவதே, அந்தக் களத்தில் அளந்ததை அவர்கள் வெளியே வைத்ததால்தான். ஒரு கொம்பனியின் அலுமாரிக்குள் போயிருந்தால், விற்பவர் சொல்வதுதான் நமக்குக் கணக்கு. பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி பொதுச் சனத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

பியர்ஸ் பிறகு அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குப் பக்கத்தில், பனி மலையாகக் கொட்டும் ஹூட்டன் ஊரில் உள்ள மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வைத்துப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைக் கையில் எடுத்தார்கள். அந்த இயந்திரமே ஓப்பன் சோர்ஸ்தான். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம் அது. தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்துத் தன்னைப் போல் இன்னொன்றுக்கு வழிசெய்யும் இயந்திரம். ஹூட்டனில் அதைக் கொண்டு ஆய்வுகூடச் சாமான்களே செய்தார்கள். சொட்டுச் சொட்டாக மருந்து தள்ளும் சிரிஞ்ச் பம்ப் ஒன்று, கடையில் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான டொலர். அவர்கள் 2014இல் வெளியிட்ட வடிவத்தின் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். பணமில்லாத பாடசாலை ஒன்றுக்கு இது என்ன பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அவர் நமக்குப் பக்கத்தில், லண்டன் ஒன்ராறியோவில், வெஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அங்கே பனலைத் தாங்கும் சட்டத்தைச் சாதாரணப் பலகையால் செய்யும் வடிவத்தை 2022இல் வெளியிட்டார்கள். தச்சுவேலை கொஞ்சம் தெரிந்தவர் கடையில் மரம் வாங்கிச் செய்யலாம். ஆபிரிக்காவில் உள்ள டோகோவுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மரத்தின் விலை இடத்துக்கிடம் மாறும், இங்கே லாபமானது அங்கே லாபமாக வேண்டும் என்றில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள். ரீசைக்கிள்பொட் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். கழித்து வீசும் பிளாஸ்டிக் பால் கலனை நறுக்கி, உருக்கி, அச்சு இயந்திரத்துக்கு வேண்டிய இழையாக நூற்கும் கருவி. அதன் வரைபடமும் திறந்தே கிடக்கிறது. பயிர்களுக்கு மேலே பனல் போடும் விவசாயம் இன்னொரு நாளைக்கு. கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.