கறுப்பு மையும் மேசை விளக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

சிறுவர் நூல்களில் தகாத சொற்கள் வரும்போது பெற்றோர் செய்யத்தக்கது அவற்றை மறைத்துவிடுவதா, பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அவற்றைப் பற்றிப் பேசுவதா என்பது இன்றைய கேள்வி. பேசுவதே சரி என்னும் அணியின் சார்பில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், பிள்ளை எதைப் படிக்கிறதோ அதுவே அதன் வாயில் வரும் என்றார். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்தே சொல்ல வேண்டும் என்னும் பொருளில், 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்று தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைத்தார். அவருடைய கவலையில் பொய் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அந்தக் கவலையோடு, அவர் சொல்லும் வழியிலேயே நடந்தவள்தான்.

என் மகனுக்கு அப்போது பத்து வயது. அவனுக்கு வாங்கிய கதைப் புத்தகம் ஒன்றை நான் முதலில் படித்துப் பார்த்தேன். குடித்துவிட்டு வரும் தந்தை தன் மூத்த மகனைத் திட்டும் இடங்கள் நான்கு இருந்தன. தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து நான்கையும் அழித்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். அன்று இரவு அவன் அறையை எட்டிப் பார்த்தபோது, அழித்த பக்கத்தை மேசை விளக்கின் முன் தூக்கிப் பிடித்து, தாளின் பின்புறத்தில் மங்கலாகத் தெரிந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக் கூட்டிக்கொண்டிருந்தான். இருநூறு பக்கப் புத்தகத்தில் அவன் முழுக் கவனத்தோடு படித்தவை நான் அழித்த அந்த நான்கு இடங்கள்தாம். "இதுல என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டான். "ஒன்றுமில்லை" என்றேன். ஒன்றுமில்லாததன்மேல் யாரும் மை பூசுவதில்லை என்று தெரிந்துகொள்ளப் பத்து வயது போதும். அவன் புத்தகத்தை மூடி வைத்தான். அதைப் பற்றி என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை இந்த அணியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அந்தக் கதையின் பிற்பகுதியில், திட்டு வாங்கிய மூத்தவன் அதே சொல்லைத் தன் தம்பியின்மேல் வீசுகிறான். சொன்ன மறுகணமே அது தன் தந்தையின் குரல் என்று உணர்ந்து, தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுகிறான். கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. என் பேனா முதல் நான்கு இடங்களை அழித்ததால் அந்த இடத்திற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. ஒரு வசைச்சொல் எங்கிருந்து வருகிறது, யாரைச் சுடுகிறது, சொன்னவனை என்ன செய்கிறது என்பது முழுவதும் கண்முன் விரிவது புத்தகத்தில்தான். விளையாட்டுத் திடலிலும் கைப்பேசிக் காணொளியிலும் அதே சொல் சிரிப்போடு வருகிறது. அதைக் கேட்டவர் அன்றிரவு எப்படித் தூங்கினார் என்று அங்கே யாரும் காட்டுவதில்லை. சொல் பிள்ளையின் காதை அடையத்தான் போகிறது என்றால், அது தன் விலையோடு சேர்ந்து வரட்டும் என்கிறேன்.

மறைக்கும் முயற்சி புதியதல்ல. இங்கிலாந்தில் பௌட்லர் குடும்பத்தார், வீட்டாரின் நடுவே வாய்விட்டுப் படிக்கக் கூசும் சொற்களை நீக்கி, ஷேக்ஸ்பியரின் இருபது நாடகங்களை 1807-இல் குடும்பப் பதிப்பாக வெளியிட்டார்கள். அந்தக் குடும்பப் பெயரே, நூலைச் சிதைத்துத் தூய்மைப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 2015-இல் மின்னூல்களில் உள்ள வசைச்சொற்களுக்குப் பதிலாக மென்மையான சொற்களைக் காட்டும் செயலி ஒன்று வந்தது. எழுத்தாளர்களின் கடும் எதிர்ப்பால் அதே ஆண்டில் அதன் வழியான நூல் விற்பனை நின்றுபோனது. பேசுபவர் கொடியவரா, அடிபட்டவரா, அந்தச் சொல் கதையில் எதற்காக நிற்கிறது என்று அந்தச் செயலிக்குத் தெரியாது. எல்லாருடைய வாயையும் ஒரே துணியால் துடைப்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை.

இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மார்க் ட்வெய்ன் எழுதிய 'ஹக்கில்பெரி ஃபின்' நாவலில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் 219 முறை வருகிறது. 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பதிப்பு அதை 'அடிமை' என்று மாற்றியது. அந்தச் சொல்லால் நாவலையே பள்ளிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம். ஆயினும் அடிமை என்பது சட்டம் ஒருவர்மேல் சுமத்திய நிலை. அந்த இழிசொல்லோ, யாரும் கட்டாயப்படுத்தாமல் சாதாரண மனிதர்கள் நாள்தோறும் தாமாகவே விரும்பிச் சொன்னது. விடுதலை பெற்ற பின்னும் அம்மக்களை அது துரத்தியது. சொல்லை மாற்றிய பக்கத்தைப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு எப்படிப் புலப்படும்?

பெற்றோராகிய நாம் பெரும்பாலும் தவறான சொல்லைத்தான் பிடிக்கிறோம் என்பதையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். கோபத்தில் ஒருவன் கத்தும் கெட்ட வார்த்தையைக் கண்டதும் பதறுகிறோம். ஆனால் தடித்த பிள்ளையைக் கேலிப்பெயர் வைத்து அழைத்து, அதையே நகைச்சுவையாக்கும் புத்தகத்தை 'சுத்தமான புத்தகம்' என்று நம்பிக் கையில் கொடுக்கிறோம். கால் ஊனமுற்றவரை அந்த ஊனத்தாலேயே கூப்பிடுவதும், நிறத்தை வைத்து ஒருத்தியை அழகற்றவள் என்பதும் எந்தக் கறுப்புப் பேனாவுக்கும் தப்பிவிடுகின்றன. முதல் வகைச் சொல் வாயைக் கெடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாம் வகைச் சொல் மனத்தையே கெடுக்கிறது. பக்கத்தில் அமர்ந்து படிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் அது நம் கண்ணில் படவே படாது.

இனி, நண்பர் கேட்ட நேர்க் கேள்வி: படித்ததைப் பிள்ளை திருப்பிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? பதறாமல் காரணம் கேட்பேன். அந்தச் சொல்லின் பொருள் தெரியுமா, கதையில் அதைச் சொன்னவன் எந்த நிலையில் இருந்தான், அதே சொல்லை உன்னைப் பார்த்து ஒருவன் சொன்னால் உனக்கு எப்படியிருக்கும் என்று கேட்பேன். பொருள் தெரியாவிட்டால் அதன் வயதுக்கு ஏற்றபடி சொல்வேன். 'நம் வீட்டில் இந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை' என்று ஒரு வரம்பையும் வைப்பேன். வைத்த பிறகு, வண்டி ஓட்டும்போது குறுக்கே வந்தவரை நான் அதே சொல்லால் ஏசாமல் இருக்க வேண்டும். கடினமான பகுதி அதுதான். பிள்ளைகள் புத்தகத்தைவிட நம்மிடமிருந்தே அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்கும் இப்படித்தானா என்றால், இல்லை. மழலைக்கு வாய்விட்டுப் படிக்கும்போது, 'அவன் இங்கே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்' என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். அதில் மறைப்பு உண்டு, பொய் இல்லை. நண்பர் காட்டிய நூற்பாவும் இதைத்தான் சொல்கிறது என்பது என் கருத்து. 'மறைத்தனர்' என்பதோடு தொல்காப்பியர் நிறுத்தவில்லை, 'கிளத்தல்', அதாவது சொல்லுதல், என்றார். அவைக்கு ஆகாததை அவைக்கு ஏற்ற வேறு சொல்லால் சொல் என்றாரே அல்லாமல், சொல்லாதே என்றோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்துவிடு என்றோ அவர் இலக்கணம் வகுக்கவில்லை. எதிரணியார் காட்டிய சான்று எங்கள் பக்கமே பேசுகிறது என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். நீங்கள் மை பூசி மறைத்த அதே சொல்லை, நாளை உங்கள் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒருவன் வீசிவிட்டுப் போகிறான். பொருளும் புரியாமல், ஏன் வலிக்கிறது என்றும் தெரியாமல் வீட்டுக்கு வரும் அந்தப் பிள்ளை, 'ஒன்றுமில்லை' என்று ஒருமுறை சொன்ன உங்களிடம் அதைக் கேட்குமா? இதற்கு விடை சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடருங்கள். நன்றி, வணக்கம்.