நீலத் தொட்டிக்குள் ஒரு தே பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் அடுக்குமாடி புளோக் அடியில் நிற்கிறதே மறுசுழற்சிக்கான நீலத் தொட்டி, இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

அதில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாது என்கிறது சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம். மக்களுக்கு அக்கறை இல்லையா? இருக்கிறது. கெடுப்பது ஈரம்.

பிளாஸ்டிக் பையில் வாங்கிப் பாதி குடித்த தே, அதாவது தேநீர், முடிச்சோடும் ஸ்ட்ராவோடும் உள்ளே விழுகிறது. லாரியில் எல்லாவற்றையும் அமுக்கும்போது பை கிழிகிறது. பாலும் சர்க்கரையும் அடியில் கிடக்கும் செய்தித்தாளில், அட்டையில் ஊறிவிடும். பிரிக்கும் நிலையத்தில் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு எரியாலை, சாம்பல் செமக்காவ் தீவுக்கு. 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது கணக்கு. நாலு வீட்டுக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காகிதம், ஒரு தே பொட்டலத்தால் போச்சு!

“அப்போ சோப்பு போட்டுக் கழுவணுமா?” என்பார்கள். வேண்டவே வேண்டாம். ஊறுகாய் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெயை டிஷ்யூவால் துடையுங்கள். அந்த டிஷ்யூவும் குப்பைக்குத்தான், நீலத் தொட்டிக்கு அல்ல. பாத்திரம் அலசிய தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி, மூடி, குலுக்கிக் கொட்டுங்கள். அவ்வளவுதான். ஊறுகாய் வாசம் இருந்துவிட்டுப் போகட்டும். எண்ணெய், குழம்பு, சோறு இருக்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், உள்ளே ஈரம் தேங்கி நிற்கக் கூடாது.

கறி ஒட்டிய பொட்டலப் பெட்டி, ஸ்டைரோஃபோம், உடைந்த பீங்கான், பழந்துணி, செருப்பு எதுவும் வேண்டாம்.

அடுத்து அட்டைப் பெட்டி. இணையத்தில் வாங்கிய பொருள் வந்த பெட்டியை அப்படியே திணித்தால் தொட்டியின் வாய் அடைத்துக்கொள்ளும். அடுத்து வருபவர் கொண்டுவந்ததைப் பக்கத்தில் வைப்பார். அதைப் பார்த்து மூன்றாமவர் குப்பைப் பையையே வைத்துவிட்டுப் போவார். பெட்டியின் நாடாவைக் கிழித்து மடக்க அரை நிமிடம் போதும்.

குடியிருப்பு வட்டாரத்தில் சேவை செய்யும் அடித்தளத் தொண்டர்களுக்கு ஒன்று. மின்தூக்கிப் பக்கம் இன்னொரு சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை. ஏற்கெனவே இருப்பதையே யாரும் படிப்பதில்லை. சனிக்கிழமை மாலை ஒரு மேசை போடுங்கள். கழுவிய பாட்டில், கறி பட்ட பெட்டி, டிஷ்யூ மூன்றையும் வைத்து, எது எங்கே போகும் என்று வருபவர்களிடம் கேளுங்கள். தாத்தா பாட்டிகளிடம் தமிழிலேயே பேசுங்கள்.

தொட்டி நிரம்பி வழிகிறதா? “எப்போதும் வழிகிறது” என்று மட்டும் எழுதினால் வேலை நடக்காது. இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, உள்ளே என்ன. புளோக் எண்ணும் படமும் சேர்த்து வட்டாரப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் அனுப்புங்கள். ஞாயிறு இரவு மட்டும் வழிந்தால் லாரி வரும் நேரத்தை மாற்றக் கேட்கலாம். மடக்காத பெட்டிகள்தான் காரணம் என்றால், எத்தனை லாரி வந்தாலும் தீராது. தொட்டியைக் காலி செய்வது கழிவு சேகரிக்கும் நிறுவனம். சுற்றியுள்ள தரை நகர மன்றத்தின் பொறுப்பு. படத்தில் இரண்டும் தெரியட்டும்.

மின்கழிவு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: பழைய கைப்பேசியை நீலத் தொட்டியில் போடாதீர்கள், பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். அதற்கென்று மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன, பெரிய மின்சாதனக் கடைகளிலும் உண்டு. புதிய குளிர்பதனப் பெட்டி வீட்டுக்கு வரும்போது கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். 2021 ஜூலையிலிருந்து அது சட்டம். வாங்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.