நாற்றங்காலில் கொஞ்ச நாள்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாய் கடித்து வந்த பிள்ளைகளுக்கு எத்தனை ஊசி போட்டிருப்பேன் என்று எண்ணி வைத்ததில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் ரத்தத்தோடு அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்த குழந்தைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால், "இவ்வளவும் பார்த்த நீங்களா தெருநாயை வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கேட்பது நியாயம். இதெல்லாம் பார்த்ததனால்தான் வைத்திருக்கிறேன் என்பதுதான் என் பதில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் நாய் வளர்ப்பவள் இல்லை. அடிபட்டது, தாயை இழந்தது, யாரோ வேண்டாம் என்று இறக்கிவிட்டது, இப்படி வருகிற ஒன்றைச் சில வாரமோ சில மாதமோ வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவைப்பேன். இதை ஃபாஸ்டரிங் என்கிறார்கள். பெயர்தான் புதிது. தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இந்த வேலை புதிதில்லை. கார் நெல் ஆனாலும் பிசான நெல் ஆனாலும் முதலில் என்ன செய்கிறோம்? வயலில் ஒரு மூலையில், தண்ணீர் வசதியாக, கண் பார்வையில் இருக்கும்படி நாற்றங்கால் போடுகிறோம். 25 நாள் போல ஆனதும் பிடுங்கி, முடிச்சுக் கட்டி, நடவுக்குக் கொண்டுபோகிறோம். நாற்றங்காலிலேயே கதிர் வாங்கவேண்டும் என்று எந்தச் சம்சாரியும் நினைப்பதில்லை. நாற்று நன்றாக வந்தால் நாற்றங்காலின் வேலை முடிந்தது.

என் வீட்டுத் தார்சா, அதாவது வாசலை ஒட்டிய முன்கூடம், அப்படி ஒரு நாற்றங்கால். அவ்வளவுதான்.

தெருவில் இருக்கிற நாய்க்கெல்லாம் வீடு தேட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் தெருவில் நன்றாக இருக்கிற பெரிய நாயை அங்கிருந்து பெயர்த்தெடுக்கத் தேவையில்லை. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் 2001-ஆம் ஆண்டு விதி. 2023-இல் வந்த புதிய விதிகளிலும் அடிப்படை அதுவே. தெருநாயின் காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அதற்கு அறுவை முடிந்துவிட்டது என்று பொருள். நான் பேசுவது தெருவில் பிழைக்க வழியில்லாததைப் பற்றி.

இப்போது செவலையின் கதைக்கு வருகிறேன். சற்று நீளமான கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18. அந்தத் தேதிகளை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பது நமக்குப் பழகிய காட்சி. அந்தத் தடவை ஜங்ஷனுக்குள்ளேயே ஆறு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு என் தம்பி மகன் சிந்துபூந்துறையில் ஒரு நண்பன் வீட்டுக்குச் சேறு அள்ளப் போனான். மாடிப்படியில் பாதி ஏறின இடத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. ஏழெட்டு மாதம் இருக்கும். பெட்டை. செம்மண் நிறம். பின்னங்காலைத் தகரம் கிழித்து ஈ மொய்க்கிறது. குரைக்கவில்லை, உறுமவில்லை, விரட்டினாலும் நகரவில்லை. சோறு வைத்தால், ஆள் பார்க்கும்வரை தொடவில்லை. அவன் சாக்கில் சுற்றி ஆட்டோவில் போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டான். "அத்தை, ரெண்டு நாள் வச்சுக்கோங்க" என்றான்.

அந்த இரண்டு நாள் ஐந்து மாதம் போல ஆனது.

கால் புண் பெரிய விஷயமாக இல்லை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் ஊருக்குப் பெரிய துணை. அங்கே காட்டினோம். கட்டு மாற்றுவதும் மருந்து போடுவதும் எனக்குக் கை வந்த வேலை. உண்ணி எடுத்தோம், குடற்புழு மருந்து கொடுத்தோம், தடுப்பூசிகள் போட்டோம், புண் ஆறியதும் கருத்தடையும் முடித்தோம். உடம்பு ஒன்றரை மாதத்தில் தேறிவிட்டது. மனசு தேறத்தான் நாள் பிடித்தது.

வந்த அன்றைக்குத் தார்சாவில் பெஞ்சுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டதுதான். மூன்று நாள் வெளியே வரவில்லை. நான் இழுக்கவில்லை. சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ராத்திரி தட்டு உருளும் சத்தம் கேட்கும். சரி, சாப்பிடுகிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அங்கணத்தில் குழாயைத் திறந்தால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்கும். வாரியலை, அதாவது விளக்குமாற்றை, கையில் எடுத்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். தண்ணீருக்குப் பயப்பட அந்த வெள்ளம் காரணம். வாரியலுக்குப் பயப்பட யார் காரணமோ?

எதிர்வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒருத்தி. சாயங்காலமானால் என் தார்சாவில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வாள். நாயைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டே ராகம் போட்டுச் சொல்வாள். ஏழெட்டு நாள் ஆகியிருக்கும். ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. மறுநாள் தலை. அடுத்த வாரம் அவள் பாவாடை நுனியில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது. செவலை என்று பேர் வைத்ததும் அவள்தான்.

நாய்களை மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். புது இடத்துக்கு வந்த நாய்க்குப் பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனால் அவசரப்படாதே என்று நமக்குச் சொல்ல நல்ல கணக்கு. அந்த மூன்று மாதத்தில் செவலை என்ன கற்றுக்கொண்டது? வெளிக்கு இருக்க வேண்டுமானால் கதவுப்பக்கம் போய் நிற்க. கழுத்துப்பட்டையோடு தெருவில் நடக்க. குக்கர் விசிலுக்குப் பயப்படாமல் இருக்க. ராத்திரி முழுக்கத் தூங்க. கேட்டால் சின்ன விஷயங்கள். வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் வித்தியாசம் இவ்வளவுதான் என்பேன். ஜாதி நாய், நாட்டு நாய் என்கிற பேச்செல்லாம் அப்புறம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வந்தது, நமக்குப் பெருமைதான். பெஞ்சுக்கு அடியில் கிடந்த செவலைக்கும் கொஞ்சம் இடமும் நாளும் கிடைத்தது, அதுவும் வீட்டு நாயாகிவிட்டது.

எங்கள் வளவில், ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில், எல்லோரும் ஆதரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏளா, நாயைப் பட்டாசல் வரைக்கும் விட்டா வீடு விளங்குமா?" என்று கேட்டார்கள். பட்டாசல் என்றால் வீட்டின் உள்கூடம். நான் எதிர்த்துப் பேசவில்லை. பட்டாசலில் விடவில்லை ஆச்சி, தார்சாவோடு சரி என்றேன். ஊசி போட்ட அட்டையைக் காட்டினேன். தெருவை அசுத்தம் செய்தால் அந்த நிமிஷமே அள்ளிவிடுவேன். வளவுக்குள் இருப்பவர்கள் இந்த மூன்றையும் விடக் கூடாது. திரும்பச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டாரின் பயத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும், ஊசி அட்டை கையில் இருக்க வேண்டும், அசுத்தத்தை நாமே அள்ள வேண்டும்.

ஏப்ரலில் ஒரு குடும்பம் செவலையைக் கேட்டது. நல்ல மனுஷர்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மேல்தொட்டி வழிந்த சத்தத்துக்கு மிரண்டு, மெத்தை மேல் ஏறி நனைத்துவிட்டு, குறுக்கே வந்த சின்னப் பையனைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறது. பையன் அழுதிருக்கிறான். அந்த அம்மாவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து, "நீங்கள் கொண்டுவந்து விட்டதே பெரிய விஷயம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆற்றுப்பாலத்துக்கு அடியில் விட்டுவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தவறு என்னுடையது. தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. குறையைச் சொன்னால் எடுக்க மாட்டார்களோ என்ற பயம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். எதற்குப் பயப்படும், எதைக் கடிக்கும், எப்போது சாப்பிடும், எல்லாம். குறையையும் சேர்த்து எழுதுகிறேன். அந்தத் தாளைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போகிறவர் போகட்டும். சரியான வீடு அவருடையது இல்லை.

மே மாதம் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு வந்தார். தாளை இரண்டு தடவை படித்தார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். சொந்த வீடா, சுற்றுச்சுவர் உண்டா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மழை பெஞ்சா இது எங்கம்மா படுக்கும்?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பெஞ்சுக்கு அடியில், என் பழைய புடவை மேல் என்றேன். ஒரு வாரம் கழித்து அழைத்துப்போக வந்தபோது அந்தப் புடவையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு நான் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று பக்கமும் பலகை வைத்து அடைத்து, உள்ளே என் புடவை. அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் வந்தது. "மழை நல்லா பெய்யுது. கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நானும் பக்கத்துல தரையில படுத்திருக்கேன். நீங்க கவலைப்படாம தூங்குங்க."

"வளர்த்துவிட்டு எப்படிக் கொடுக்கிறீர்கள், எங்களால் முடியாது" என்று பலர் சொல்கிறார்கள். செவலை போன அன்றைக்கு நானும் அழுதேன், எதிர்வீட்டுப் பிள்ளையும் அழுதாள். அழுகை வரத்தான் செய்யும். அந்த வார சனிக்கிழமை வண்ணார்பேட்டையிலிருந்து அட்டைப்பெட்டியில் இரண்டு குட்டிகள் வந்தன, கண் திறந்து பத்து நாள்கூட ஆகாதவை. செவலையை நானே வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம், அதிகம் போனால் இரண்டுக்கு. பிரிய மனமில்லாத அளவுக்குப் பாசம் வைக்கிறவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும். பாசம் இல்லாத இடத்தில் பெஞ்சுக்கு அடியிலிருந்து எந்த நாயும் வெளியே வராது.

கடிகாரம் ஓடுகிறது. குட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் போல வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் குணம். அந்த நாட்களில் மனிதக் கை பழகிய குட்டி வளர்ந்து மிரண்டு கடிப்பது குறைவு. செவிலியராக எனக்கு இதில் அக்கறை அதிகம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிற இடைவெளியில் அடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. ரத்தமாக வயிற்றுப்போக்கு இருந்தால் பார்வோ என்கிற கிருமி நோயாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம், அந்த நேரமே மருத்துவரிடம் போங்கள். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டி இறந்த வீட்டில் உடனே ஊசி போடாத இன்னொரு குட்டியை விடாதீர்கள். சொறிக்கு வண்டிக் கழிவு ஆயில் பூசவே பூசாதீர்கள், நக்கினால் விஷம். வெங்காயம், சாக்லேட், திராட்சை, வெந்த கோழி எலும்பு கொடுக்க வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். முதல் நாள் போடும் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் வரச் சொல்வார்கள். காயம் ஆறிவிட்டது என்று ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

இப்போது என் தார்சாவில் மூன்று மாதப் பெட்டைக்குட்டி ஒன்று இருக்கிறது. கறுப்பு, நெஞ்சில் வெள்ளை. வெறிநோய் ஊசி போட்டாயிற்று. குக்கர் விசிலுக்கு மட்டும் இன்னும் ஓடி ஒளிகிறது, அதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வணக்கம்.