துடுப்பைச் செதுக்கினவன்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான்ல 1954, 1955, 1956ன்னு வருஷத்துக்கு ஒண்ணா வந்த மூணு படங்களப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன். சாமுராய் வரிசைன்னு சொல்லுவாங்க. டைரக்டர் ஹிரோஷி இனாகாகி, ஹீரோ தோஷிரோ மிஃபுனே. இன்னொரு ஜப்பானிய டைரக்டர் குரோசாவாவோட 'ஏழு சாமுராய்' வந்ததும் அதே 1954தான், எடுத்ததும் இந்த மூணு படத்த எடுத்த அதே தோஹோ கம்பெனிதான். அதுல தாவிக் குதிச்சு ஆர்ப்பாட்டம் பண்ற மிஃபுனேவையே பாத்தவங்க, இந்த மூணாவது படத்துல அவர் கை கட்டி அமைதியா உக்காந்திருக்கறதப் பாத்தா அசந்துபோவாங்க.

கதை மியாமோதோ முசாஷிங்கற வாள்வீரரோடது. நிஜமா வாழ்ந்த மனுஷன், 1645ல செத்துப்போனார், அறுபது சண்டைக்கு மேல போட்டு ஒண்ணுலகூட தோக்கலன்னு அவரே எழுதி வச்சிருக்கார். அவர் வாழ்க்கைய வச்சு எய்ஜி யோஷிகாவா 1935லருந்து 1939 வரைக்கும் அசாஹி பேப்பர்ல தொடர்கதையா எழுதினார், படம் அதுலருந்து எடுத்தது, அதனால இதுல வர்ற காதல், சாமியார் எல்லாம் நாவல் குடுத்ததுன்னு எடுத்துக்கணும், சரித்திரம்னு நம்பிடக் கூடாது.

முதல் படம் ஆரம்பிக்கறப்போ முசாஷியோட பேரு தாகேஸோ. முரட்டுப் பய, ஊர்லயே யாருக்கும் புடிக்காது. 1600ல நடந்த செகிகஹாரா போருக்குப் போய் பேர் வாங்கலாம்னு கூட்டாளியையும் இழுத்துட்டு ஓடறான், போன பக்கம் தோத்துடுது, சேத்துல புரண்டு உயிர் தப்பினதுதான் மிச்சம், திரும்பி வந்தா ஊரே அவனத் துரத்துது. தகுவான்னு ஒரு புத்த பிக்கு அவனப் புடிச்சு மரத்துல கட்டித் தொங்க விடறார், அப்புறம் ஹிமேஜி கோட்டைல ஒரு ரூம்ல புத்தகங்களோட அடைச்சு வச்சிடறார். வெளிய வர்றப்போதான் அவன் முசாஷி. அவனுக்காகவே காத்திருந்த ஓட்சுங்கற பொண்ணு, நானும் கூட வர்றேன், இருங்க துணிமணி எடுத்துட்டு வந்துடறேன்னு ஓடறா. திரும்பி வந்து பாத்தா பாலத்துல ஆள் இல்ல, சீக்கிரம் வருவேன், மன்னிச்சுக்கோன்னு கைப்பிடி மரத்துல கத்தியால செதுக்கி வச்சிருக்கான். எத்தன தடவ பாத்தாலும் அந்த இடத்துல எனக்கு அவன் மேல கோபம் வரும். ஓட்சுவுக்கு மூணு படத்துலயும் காத்திருக்கறதும் அழறதும்தான் வேலைன்னு ஆக்கிட்டாங்க, எனக்கு இந்தப் படங்கள் மேல இருக்கற பெரிய குறையே அதுதான்.

இந்த முதல் படத்துக்குத்தான் 1955ம் வருஷத்துக்கான சிறந்த வெளிநாட்டுப் படம்னு கௌரவ ஆஸ்கர் கிடைச்சுது.

ரெண்டாவது படத்துல சண்டை நிறைய இருக்கு, கியோட்டோல யோஷியோகாங்கற வாள்சண்டைப் பள்ளிக்காரங்க கும்பலா திரண்டு வர்றாங்க, விடியுற நேரத்துல வயல் சேத்துல நடக்கற அந்தச் சண்டை பிரமாதம். ஆனா எனக்கு மனசுல நிக்கறது வேற. முசாஷி தன்னோட வாள எடுத்துட்டு சாணை தீட்டறவர்கிட்ட போறான். அவர் வாளப் பாக்கறார், அவனப் பாக்கறார், தீட்ட முடியாதுன்னுடறார். நான் ஆத்மாவத் தீட்டறவன், நீ ஆள வெட்டறதுக்குக் கேக்கற, வேற இடம் பாருங்கற மாதிரி பேசறார். ஊரே பயப்படற வீரன், ஒரு கைத்தொழில்காரர் முன்னாடி பதில் இல்லாம நிக்கறான். அவனோட பயணம் உண்மைல அங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அதுக்கப்புறம் அவன் வாள் உறையவிட்டு வெளிய வர்றது குறைஞ்சுகிட்டே போகுது. அந்தப் பள்ளியோட தலைவனையே கீழ தள்ளிட்டு உயிரோட விட்டுடறான்.

மூணாவது படத்துல வம்புக்கு வர்ற முரட்டுக் கும்பல் முன்னாடி சாப்பிட்டுக்கிட்டே குச்சியால ஈயப் புடிச்சுப் போடறான், அவ்வளவுதான், வந்தவங்க முகம் மாறிடுது. அவனுக்குப் போட்டியான வாள்வீரன் சசாகி கோஜிரோ சண்டைக்குக் கூப்பிட்டா ஒரு வருஷம் கழிச்சு வச்சுக்கலாம்னுட்டு ஒரு கிராமத்துக்குப் போய் மண்ணக் கொத்தறான், மரத்துல சிலை செதுக்கறான். கோஜிரோவா வர்ற கோஜி ட்சுருதா ரொம்ப அழகு, அவனோட நீள வாளுக்கே துணி காயப்போடற கழின்னு ஒரு பேரு உண்டு.

1612ல கன்ர்யூ தீவுல கோஜிரோவோட நடந்த அந்தச் சண்டைக்குப் படகுல போறப்போ முசாஷி ஒரு துடுப்ப எடுத்துச் செதுக்க ஆரம்பிக்கறான். சீவல் சீவலா மரம் விழுது. அந்த நீள வாளுக்கு ஈடா நீளமா ஒண்ணு வேணும், அதுக்கு மரக்கட்டை போதும்னு முடிவு பண்ணிட்டான். மூணு படமா எந்த வாள நம்பி ஊர் ஊரா அலைஞ்சானோ அத விட்டுட்டு இதத்தான் கையில எடுத்துட்டு இறங்கறான். கடல் தண்ணிலயே நிக்கறான், வெயில் முதுகுக்குப் பின்னாடி, அலை காலத் தொட்டுப் போகுது, ரெண்டு பேரும் அசையறதே ரொம்பக் கொஞ்சம். முடியறது ஒரு நொடில.

ஜெயிச்சவன் ஆர்ப்பரிக்கல. திரும்பிப் போற படகுல, நான் பாத்ததுலயே பெரிய வீரன் கோஜிரோன்னு சொல்றான், அப்புறம் மிஃபுனேவோட கண்ணுலருந்து தண்ணி வழியுது. படகுக்காரர் துடுப்பப் போட்டுக்கிட்டே இருக்கார்.