யாரும் திருத்தலாம் என்பதால்தான் நம்புகிறேன்

நடுவர் அவர்களே, வணக்கம். "போகிற வருகிறவர் எல்லாம் எழுதும் விக்கிபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை எப்படி ஐயா நம்புவது?" என்று எதிரணித் தலைவர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அவர் சொன்ன கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே!

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்குக் கென்னடி கொலையில் தொடர்பிருக்கலாம் என்று 2005இல் யாரோ விக்கிபீடியாவில் எழுதினார். அந்தப் பொய் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. உண்மை, வெட்கக்கேடுதான். மறுபாதியை நான் சொல்கிறேன். அந்த டிசம்பரிலேயே, பயனர் கணக்கு இல்லாதவர் ஆங்கில விக்கிபீடியாவில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று விதி வந்தது.

அதே மாதம் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ், இரண்டு கலைக்களஞ்சியங்களிலும் உள்ள 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிபீடியாவில் நான்கு பிழை, ஆசிரியர் குழு வைத்து நடத்தும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்று. பிரிட்டானிக்கா கோபப்பட்டு மறுத்தது, அது வேறு கதை.

இன்னொன்று. 2009இல் இசையமைப்பாளர் மாரிஸ் ஜார் இறந்ததும், அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொன்னதாக ஒரு பொன்மொழியைக் கட்டிவிட்டு விக்கிபீடியாவில் போட்டார். சான்று எங்கே என்று கேட்டு அங்கிருந்தவர்கள் அதை நீக்கினார்கள். மறுபடி போட்டார், மறுபடி நீக்கினார்கள். ஆனால் பெரிய பெரிய நாளிதழ்கள் அதை எடுத்து அஞ்சலிக் குறிப்பில் அச்சடித்துவிட்டன! அந்த மாணவரே எழுதிச் சொல்லும்வரை அவற்றுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் குழு இருந்தால் போதும் என்கிறார்களே, அந்தக் குழு அன்றைக்கு எங்கே போனது?

நடுவர் அவர்களே, கட்டுரைக்கு மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கும். தட்டிப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கு, எந்தக் கமாவை மாற்றியது என்பதுவரை வரிசையாக நிற்கும். பக்கத்தில் 'உரையாடல்': ஒரு சொல்லுக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை. நம் வீட்டுச் சண்டைகூட இவ்வளவு ஒழுங்காகப் பதிவாவதில்லை. எந்த அச்சுப் புத்தகம் இப்படித் தன் அடித்தல் திருத்தலைக் காட்டுகிறது?

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பார்க்கும் கண்கள் குறைந்த இடத்தில் பொய் நீடிக்கும். சீன விக்கிபீடியாவில் ஒருவரே இடைக்கால ரஷ்யாவைப் பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் கற்பனையைக் கலந்து பத்து வருடம் ஓட்டினார். 2022இல் குட்டு வெளிப்பட்டது. எப்படி? ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தார். அடிக்குறிப்பு கேட்கும் பழக்கம் அங்கே இருந்ததால்தான் சரிபார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி: இந்தக் கதைகளையெல்லாம் இன்று காலை எங்கே படித்துவிட்டு வந்தீர்கள்?