சிமென்ட் கூடாத சுவர்கள்

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஈஸ்ட் லிண்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரும் சுற்றியுள்ள பண்ணைகளும் சேர்ந்ததுதான் பிரஸ்டன்கர்க் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். அங்கே டைன் ஆற்றங்கரையில் பிரஸ்டன் மில் என்று ஓட்ஸ் அரைத்த ஒரு நீராலை நிற்கிறது. தானியத்தை உலர்த்தும் சூளைக்கு மேலே ஓடு வேய்ந்த கூம்புக் கூரை. வயலைத் தாண்டினால் ஃபான்டசி புறாக்கூண்டு. கூண்டு என்று சொன்னாலும் அது கல்லால் கட்டிய கோபுரம். உள்சுவர் முழுக்க 500க்கும் மேற்பட்ட மாடக்குழிகள். புதிய இறைச்சி கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் பண்ணைக்காரருக்குப் புறாதான் கைகொடுத்தது. இந்த இரண்டும் இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் பத்திரமாக இருக்கின்றன. இன்று நான் பேச வந்தது அவற்றைச் சுற்றியுள்ள பழைய வீடுகள், தொழுவங்கள், மதில்களை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதைப் பற்றி.

ஸ்காட்லாந்தில் சுமார் 47,000 கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. ஏ, பி, சி என்று மூன்று தரம். சி தரம்தானே, என்ன செய்தாலும் யார் கேட்பார்கள் என்று நினைக்கக் கூடாது. மூன்றுக்கும் சட்டம் ஒன்றுதான். வெளிப்புறம், உட்புறம் இரண்டும் அடங்கும். வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பே இருந்த மதிலும் கொட்டகையும்கூடப் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். இருந்ததை இருந்தபடியே, அதே பொருளைக் கொண்டு பழுதுபார்க்கப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அதே பொருள் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான்.

இந்தப் பழைய கட்டடங்களின் சுவர்களில் பல, இரண்டடி கனமுள்ளவை. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் சிறு கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். மழை பட்டால் கொஞ்சம் நனையும். காற்றடித்தால் கல்லிடுக்கில் உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாக ஈரம் வெளியேறிவிடும். இந்த இடுக்குகளில் சிமென்ட் பூசினால் என்ன ஆகிறது? சிமென்ட் கெட்டி. சுவர் லேசாக அசையும்போது அது வளைந்து கொடுக்காமல் மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே மழை உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. அப்போது ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மணற்கல்லின் முகத்தில் உப்புப் பூக்கும், உறைபனியில் பொருக்குப் பொருக்காக உதிரும். சில குளிர்காலம் போனால் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் வலைபோல் துருத்திக்கொண்டு நிற்கும். உள்பக்கம் சுவருக்குள் புதைந்த உத்தரங்களின் நுனி உளுத்துப்போகும். நம்மூர்ப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைமேல் சிமென்ட் பூசிய இடம் பொத்துக்கொண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, எப்படிச் செய்வது? பழைய சிமென்ட்டைக் கை உளியால் எடுக்க வேண்டும். அறுக்கும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சிமென்ட்டோடு கல்லும் பெயர்ந்து வந்தால் அங்கே கை வைக்காதீர்கள், அது தானாகத் தளரட்டும். இடுக்கை அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டராவது தோண்டித் தூசியைக் கழுவுங்கள். சுவரை நன்றாக நனையுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிறகு சாந்து மாவாக உதிரும். நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்குப் பருமணல் இரண்டரைப் பங்கு. சுண்ணாம்பில் 3.5 என்ற எண்ணிட்ட வகை சாதாரணச் சுவருக்குப் போதும். மென்மையான கல்லுக்கு இன்னும் பலம் குறைந்த, 2 என்ற எண்ணிட்ட வகை நல்லது. அகன்ற இடுக்கில் சாந்தை மட்டும் திணிக்காமல் சிறு கற்களை ஆப்பாக வைத்து அழுத்துங்கள். சாந்து ஓரளவு இறுகியதும் முரட்டுத் தூரிகையால் குத்தி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பாகத் தேய்த்தால் ஈரம் வெளியேறும் வழி குறையும். பிறகு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் காயாமல் காக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. நவம்பரில் பூசிய சாந்து ஜனவரியில் உதிர்வதைக் கண்டு சுண்ணாம்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறை சுண்ணாம்பிலா இருக்கிறது?

இந்தப் பங்கைப் பற்றிப் பேசினால் ஆண்ட்ரூ மைக்கலை விட முடியாது. பிரஸ்டன்கர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் அடக்கமாகியிருக்கிறார். பக்கத்து ஹூஸ்டன் மில்லில் வேலை செய்த ஆலைத் தச்சர். 1780களில் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். அவருக்கு முன் முயன்ற சிலர் கதிரைத் தேய்த்து மணியைப் பிரிக்கப் பார்த்தார்கள். மைக்கல் கதிரை உருளைகளுக்கிடையே செலுத்தி, வேகமாகச் சுழலும் பீப்பாயில் பதித்த கட்டைகளால் அடிக்க வைத்தார். அதைச் சுழற்றக் குதிரைகள் வட்டமாக நடந்தன. அவற்றுக்காகக் களஞ்சியத்தை ஒட்டி வட்டமாகவோ பல கோணங்களிலோ எழுந்த கட்டடங்கள் இந்த ஊர் இருக்கும் ஈஸ்ட் லோதியன் பகுதிப் பண்ணைகளில் இன்னும் நிற்கின்றன. பல இப்போது குடியிருப்புகள். குதிரை நடந்த அந்த வட்டத்தின் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பாமல் ஒரே அறையாக விடுபவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பால்ய வயதில் மைக்கலின் பட்டறையிலேயே கிடந்த ஃபான்டசிப் பண்ணைப் பையன்தான், பின்னாளில் லண்டனில் வாட்டர்லூ பாலம் கட்டிய ஜான் ரென்னி.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். ஜன்னல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மேலும் கீழும் நகரும் பழைய மரச்சட்ட ஜன்னலைக் குளிர் வருகிறதென்று பெயர்த்தெறிய வேண்டாம். உளுத்த பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம். சந்துகளில் காற்றடைப்புப் பட்டை வைத்து, உள்பக்கம் தனியாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். கூரையோரத்தில் மழைநீர் வடியும் தாரையை இலையுதிர்ந்தபின் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அடைத்த தாரையிலிருந்து வழியும் நீர் முதலில் இறங்குவது நான் இவ்வளவு நேரம் சொன்ன அந்தச் சுவருக்குள்தான். நன்றி, வணக்கம்.